கழுவினால் சாயம் போகும், விஷம் போகாது

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். 'மக்காச்சோளம் விதைத்தது போக ஒன்றரை கிலோ விதை மிச்சமிருக்கிறது. சிவப்புச் சாயம் பூசிய கம்பெனி விதை. நாலு தண்ணி விட்டுக் கழுவி, சாயம் போனதும் வெயிலில் காயவைத்து, சோதனைக்காக இரண்டு கோழிகளுக்குப் போட்டேன். நான்கு நாளாகியும் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்சத்தை மாவாக அரைத்து ஆட்டுக்குத் தவிட்டோடு கலந்து வைக்கலாமா? காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனசு வரவில்லை.'

வைக்கக் கூடாது. ஆட்டுக்கும் கூடாது, கோழிக்கும் கூடாது. பதில் இவ்வளவுதான் என்பதால் இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா செய்த சோதனையைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. கழுவுவது, சாயம் போனதைப் பார்த்து நம்புவது, கோழிக்குப் போட்டு நாலு நாள் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஈராக் நாட்டு விவசாயிகள் அப்படியே செய்தார்கள். அதன் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஈராக்குக்கு வந்த விதை

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈராக்கில் மழை பொய்த்து விளைச்சல் படுத்துவிட்டது. விதைக்குக்கூடத் தானியம் இல்லை. அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து அதிக மகசூல் தரும் விதைக் கோதுமையையும் வாற்கோதுமையையும் வரவழைத்தது. மொத்தம் 95 ஆயிரம் டன்னுக்கு மேல். கோதுமையில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்து வந்தது. 1971-ன் இலையுதிர் காலத்தில் கிராமம் கிராமமாக விநியோகம் ஆனது.

அந்த விதை மீத்தைல் மெர்க்குரி என்ற பாதரசக் கூட்டுப்பொருளால் விதைநேர்த்தி செய்யப்பட்டிருந்தது. பூஞ்சாணத்தைத் தடுப்பதில் அந்தக் காலத்தில் அதற்கு நல்ல பெயர். சாப்பிடும் தானியம் இல்லை என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டையில் எச்சரிக்கையும் அச்சிட்டிருந்தது, ஆனால் ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும். அரபியும் குர்தியும் பேசும் விவசாயிக்கு அதனால் என்ன பயன்? மண்டையோடும் எலும்பும் போட்ட படத்துக்கு விஷம் என்று பொருள் என்பதும் அங்கே பலருக்குத் தெரியாது.

இன்னொரு கோளாறு, விதை தாமதமாக வந்தது. பல இடங்களில் கைவசம் இருந்ததை வைத்து விதைப்பை முடித்துவிட்டிருந்தார்கள். வீட்டில் மாவில்லாத நேரத்தில் மூட்டை மூட்டையாகக் கோதுமை மட்டும் வந்து இறங்கியது. கழுவினார்கள், சாயம் கரைந்து ஓடியது. சாயத்தோடு மருந்தும் போய்விட்டது என்று நினைத்தார்கள். சாயம் தண்ணீரில் கரையும். பாதரசம் தானியத்திலேயே நின்றுவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் முதலில் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுச் சில நாள் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அரைத்து ரொட்டி சுட்டுக் குடும்பத்தோடு சாப்பிட்டார்கள்.

மீத்தைல் மெர்க்குரி உடனே காட்டிக்கொடுக்காது. சாப்பிட ஆரம்பித்துப் பல வாரம் கழித்துத்தான் முதல் அறிகுறி தெரியும். கை, கால், உதட்டைச் சுற்றி மதமதப்பு. பிறகு நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்வை ஓரங்களில் மறைந்து, குழாய் வழியே பார்ப்பது போலக் குறுகும். காது மந்தமாகும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் கண் தெரியாமல், நினைவில்லாமல் கிடந்து இறந்தார்கள். 1971 டிசம்பர் கடைசியில் முதல் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஜனவரியில் வார்டுகள் நிரம்பி வழிந்தன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர். வீட்டிலேயே இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லோருமே கிராமத்துக்காரர்கள். நகரத்துக்காரர்கள் கடை மாவு வாங்கிச் சாப்பிட்டதால் தப்பித்தார்கள்.

எவ்வளவு பாதரசம் இருந்தது தெரியுமா? ஒரு கிலோ கோதுமையில் சுமார் 8 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடையில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. வாடையோ ருசி மாற்றமோ இல்லை. தினம் தினம் உள்ளே போனதில்தான் வினை. மீத்தைல் மெர்க்குரி குடலில் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். இன்று சாப்பிட்டது வெளியேறுவதற்குள் நாளையதும் மறுநாளையதும் மேலே மேலே சேரும். சாதாரணமாக மூளைக்குள் கண்டதும் நுழையாதபடி உடம்பில் ஒரு தடுப்பு உண்டு. இது புரதத்தின் ஒரு துணுக்கோடு ஒட்டிக்கொண்டு, உணவுச் சத்து போல வேஷம் போட்டு அந்தத் தடுப்பைத் தாண்டிவிடும். நஞ்சுக்கொடியையும் அப்படியே தாண்டும்.

எனக்கு மிகவும் கொடுமையாகத் தோன்றுவது கர்ப்பிணிகளின் கதை. சில தாய்மார்களுக்கு லேசான மதமதப்பு தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் தலை நிற்காமல், பார்வை தெரியாமல், மூளை வளர்ச்சி குன்றி இருந்தன. உருவாகிக்கொண்டிருக்கும் மூளையைத்தான் இந்த விஷம் முதலில் தாக்குகிறது. பாக்தாத் மருத்துவர் ஃபர்ஹான் பக்கீரும் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் கிளார்க்சனும் அவர்களது குழுவினரும் அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ரத்தத்தில் உள்ள பாதரசம் முடியிலும் பதிகிறது. எனவே ஒரு பெண்ணின் நீண்ட கூந்தலில் ஓர் இழையைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டிச் சோதித்தால், எந்த மாதத்தில் எவ்வளவு விஷ ரொட்டி சாப்பிட்டாள் என்று கணக்குப் புத்தகம் போல வந்துவிடும். வயிற்றில் எத்தனையாவது மாதக் குழந்தை இருந்தபோது எவ்வளவு உள்ளே போனது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

பாதரசத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு குறைந்தது, செத்துப்போன மூளை அணுக்கள் திரும்பவில்லை. நாள்பட ஓரளவு தேறியவர்கள் உண்டு.

இதில் ஆத்திரப்பட வைக்கும் விஷயம், ஈராக்குக்கு இது முதல் தடவை இல்லை. 1956-லும் 1960-லும் பாதரச விதைநேர்த்தி செய்த கோதுமையைச் சாப்பிட்டு அங்கே பலர் செத்திருந்தார்கள். ஸ்வீடன் நாட்டில் விதைக்கும் நிலங்களில் பறவைகள் செத்து விழுவதைப் பார்த்து 1966-லேயே இந்த வகை மருந்தை விதைநேர்த்திக்குத் தடை செய்துவிட்டார்கள். ஸ்வீடனில் பறவைகளைக் காப்பாற்றிய பிறகும் அதே மருந்து பூசிய விதை பசித்த ஒரு நாட்டுக்குக் கப்பலேறியிருக்கிறது.

நம்மூரில் இது இருந்ததா?

இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய கரும்பு விவசாயிகளுக்கு 'எமிசான்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். 'அக்ரோசான்', 'செரசான்' என்பவை அதற்கும் முந்தியவை. எல்லாமே பாதரசப் பூஞ்சாணக்கொல்லிகள்தாம். நான் பணியில் சேர்ந்த தொண்ணூறுகளில், கரும்பு நடவு நடக்கும் வயல் வரப்பில் ஒரு தொட்டியில் எமிசான் கரைசல் இருக்கும். ஆட்கள் வெறும் கையோடு கரணையை அதில் முக்கி எடுப்பார்கள். மதியம் வாய்க்காலில் கையை அலசிவிட்டு அதே கையால் சோறு சாப்பிடுவார்கள். அழுகல் நோய் கட்டுப்பட்டது என்பதும் உண்மை.

எமிசானில் இருந்தது மீத்தாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடு. ஈராக்கின் மீத்தைல் மெர்க்குரி அளவுக்கு மூளையைத் தாக்கும் குணம் இதற்கு இல்லை. உடம்பில் சீக்கிரம் சிதைந்து, சிறுநீரகத்தில் போய்ச் சேரும். அதற்காக நல்ல மருந்து என்று ஆகிவிடாது. மற்ற பூச்சிக்கொல்லிகள் வெயிலிலும் மண்ணிலும் நாளடைவில் சிதைந்துபோகும். பாதரசம் ஒரு தனிமம். கூட்டுப்பொருள் சிதைந்தாலும் பாதரசம் பாதரசமாகவே மண்ணில் கிடக்கும். காற்றோட்டமில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் மெர்க்குரியாகவே மாற்றிவிடும். ஏரிச் சேறு, குட்டை, தண்ணீர் கட்டி நிற்கும் வயல் எல்லாம் இதற்குத் தோதான இடங்கள்.

2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை உத்தரவு போட்டது. உடனடியாகத் தடையான பன்னிரண்டில் இதுவும் ஒன்று. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா முறைப்படி இணைந்திருந்தது. மினமாட்டா என்பது ஜப்பானில் ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்த ரசாயன ஆலையின் கழிவில் மீத்தைல் மெர்க்குரி கடலில் கலந்தது. மீனில் ஏறி, மீன் தின்ற பூனைகள் துள்ளித் துடித்துச் செத்தன. பிறகு மீனவக் குடும்பங்களில் அதே நோய். 1956-ல் நோய் பதிவானது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆகிவிட்டது. நம் பக்கத்தில் கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டதையும் அங்கே மண் மாசுபட்டதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

இதையொட்டி இன்னொரு வாசகரின் கேள்வி: 'அப்பா காலத்து எமிசான் டப்பா ஒன்று பரணில் கிடக்கிறது. மண்ணில் புதைத்துவிடலாமா?' புதைக்க வேண்டாம், கிணற்றிலோ ஓடையிலோ போட வேண்டாம், எரிக்கவே வேண்டாம். எரித்தால் பாதரசம் ஆவியாகி மூச்சில் ஏறும். டப்பாவைத் திறக்காமல், கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் வாளியில் வைத்து மூடி, 'விஷம்' என்று எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம் அப்புறப்படுத்தக் கேளுங்கள். அலைய வைப்பார்கள்தான். ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புக்கு இப்போது பாதரசம் தேவையே இல்லை. 100 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கார்பென்டாசிமும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்து, கரணைகளை 15 நிமிடம் ஊறவைத்து நட்டால் போதும். கையுறை இதற்கும் வேண்டும். கார்பென்டாசிம் ஒரே வேளையில் ஆளைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்களைக் கரணை நனைக்கும் வேலைக்கு விடாதீர்கள்.

முக்கோணம் சொல்லாதது

மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்குங்கள் என்று கூட்டங்களில் நாங்களே சொல்கிறோம். அது ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு சீக்கிரம் கொல்லும் என்பதை மட்டும்தான் சொல்லும். சோதனைக்கூடத்தில் எலிகளுக்கு ஒரே வேளையாகக் கொடுத்து, பாதி எலிகள் சாகும் அளவை வைத்துப் போடும் வகை அது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மாதம் உள்ளே போனால் என்ன ஆகும், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அந்த முக்கோணத்தில் பதில் கிடையாது. பச்சை முக்கோணம் என்றால் பாதுகாப்பானது என்று பொருளில்லை. நாலு நாள் கோழியைப் பார்ப்பதும் இதே கதைதான். உடனே கொல்லும் விஷத்தைக் கோழி காட்டிக்கொடுக்கலாம், மெல்லக் கொல்லும் விஷம் அதில் தெரியாது.

இன்றைய மக்காச்சோள விதையில் பாதரசம் இருக்காது. தைரம், மெட்டலாக்சில் போன்ற பூஞ்சாணக்கொல்லிகள், படைப்புழுவுக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் தயாமீத்தாக்சம், சயான்ட்ரனிலிப்ரோல், இமிடாகுளோபிரிட் என்று கம்பெனிக்குத் தகுந்தபடி இருக்கும். தைரம் உள்ளே போன கோழி தோல் முட்டை இடும், குஞ்சுகளுக்குக் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். இமிடாகுளோபிரிட் பூசிய விதையில் சிலவற்றைத் தின்றாலே குருவி, கவுதாரி போன்ற சிறு பறவைகள் செத்துப்போகும். இவற்றில் சில விதைக்குள்ளேயே ஊடுருவி நிற்பவை, எத்தனை தண்ணி விட்டாலும் போகாது. கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினால் அங்கே ஒரு புதுத் தொல்லை. அந்த இரண்டு கோழிகளின் முட்டையையும் கறியையும் இப்போதைக்கு வீட்டுச் சமையலில் சேர்க்க வேண்டாம். விதைப் பையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

மிச்ச விதையை என்ன செய்வது? பையில் காலாவதி தேதி பார்த்து, இருந்தால் விதைக்கப்போகும் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் பையோடு கொடுங்கள். பையில்லாமல் சொம்பில் அளந்து கொடுத்தால் அது தானியமா விதையா என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் இல்லையென்றால் ஒரு மூலையில் நெருக்கமாக விதைத்து, முளைத்ததும் மடக்கி உழுதுவிடுங்கள். விதைக்கும்போது வரப்பில் சிந்தியதையும் மண் தள்ளி மூடுங்கள். மயில் தொல்லைக்காக விதையில் கூடுதலாக விஷம் கலந்து இறைப்பவர்களும் இருக்கிறார்கள். மயிலைக் கொல்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய், கோழி, மேய்ச்சல் ஆடு எல்லாம் சேர்ந்து சாகும்.

1968-ம் ஆண்டு விதை விதிகளிலேயே, நேர்த்தி செய்த விதையின் பையில் மருந்தின் பெயரும், 'உணவு, தீவனம், எண்ணெய்க்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று உள்ளது. பாதரச மருந்து என்றால் சிவப்பு எழுத்தில் 'விஷம்' என்று போட வேண்டும். பையைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். படிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி விதையைவிட எனக்குக் கவலை தருவது வீட்டில் நாமே நேர்த்தி செய்யும் நிலக்கடலை. அதில் சாயம் இருக்காது. கிலோவுக்கு 4 கிராம் தைரம் கலந்த பருப்பை மடியில் கட்டிக்கொண்டு விதைக்கும் பெண்கள், பேச்சுவாக்கில் இரண்டு பருப்பை வாயில் போட்டுக்கொள்வதை இன்றும் பார்க்கலாம். கூடவே வந்த குழந்தை கேட்டால் கொடுக்கவும் செய்வார்கள். அதே கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் வேரழுகல் கட்டுப்படும், இந்தப் பயமும் இல்லை. நெல்லுக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். ரசாயன மருந்தோடு இவற்றைச் சேர்த்துக் கலக்காதீர்கள், உயிர் மருந்து செத்துவிடும்.

டப்பாவிலும் கவனம் வேண்டும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்து கந்தமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. பூச்சிமருந்து இருந்த கொள்கலனில் எண்ணெயை வைத்திருந்தார்கள். காலி டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட டப்பாவில் யாரும் எண்ணெய் ஊற்றமாட்டார்கள்.

வீட்டுக்குள் வரும் பாதரசம்

மினமாட்டா கதையைக் கேட்டுவிட்டு மீனே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுதான் பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் குழந்தைகளும் சுறாவைத் தவிர்த்தால் நல்லது. மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம். அந்தச் சத்து பிள்ளையின் மூளைக்குத் தேவை.

சிவப்பழகு கிரீம் என்று பெயர் தெரியாத டப்பாக்கள் சந்தையிலும் அழகு நிலையங்களிலும் விற்கின்றன. பலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோல் வழியே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் பகுதியில் 2023-ல் இப்படிச் சிறுநீரகம் பாதித்தவர்களை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லாத கிரீமைப் பெண் பிள்ளைகள் பூசவிடாதீர்கள்.

தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, உருண்டைகள் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமல் பரவும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள். உலோகப் பாதரசத்தில் ஆபத்து பெரும்பாலும் மூச்சில்தான். வாய் வழியே போனால் உடம்பில் அதிகம் ஒட்டாது, ஆவியாகி நுரையீரலுக்குப் போனால் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்துவிடும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

மருந்து பட்டோ, நேர்த்தி செய்த விதையைத் தின்றோ யாருக்காவது வாந்தி, மயக்கம், வாயில் நுரை என்றால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையோ விதைப் பையையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முறிவு மருந்தைப் போட முடியும். பல வாரம் கழித்து மதமதப்பு, தள்ளாட்டம், பார்வைக் குறைவு என்று வந்தாலும், முந்தைய மாதங்களில் என்ன மருந்து கையாண்டீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இதற்காகவே விதைப் பையையும் ரசீதையும் அறுவடை முடியும் வரை தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். முளைப்புத்திறன் குறைந்து நஷ்டஈடு கேட்கப் போனாலும் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.